லைனில் ஆள் இருக்கிறார்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை நிலைய எழுத்தர் முதல் தாளில் தனியாக எழுதி, நான் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுள்ளேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. மின் வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் இருபத்தைந்து வருடங்களாக லைன்மேனாக வேலை பார்த்து வருகிறேன். மேற்படி முகவரியில் கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். மாடியில் உள்ள ஒற்றை அறையில் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மைத்துனர், வயது அறுபத்திரண்டு, இருக்கிறார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், அதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்பார். ரேடியோவில் பேசவும் தந்தி தட்டவும் அவருக்கு முறையான லைசென்ஸ் இருக்கிறது. அதன் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யாரும் அழைக்காமல் நானே இந்த நிலையத்துக்கு வந்தேன். நேற்று என் மைத்துனர் இதே நிலையத்தில், எங்கள் தெருக்கோடி மின்மாற்றிக் கம்பத்தில் ஏறி இணையப் பெட்டியை அணைத்தது தாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையல்ல. அணைத்தது நான். என் மைத்துனருக்கு வலது முழங்கால் மடங்காது. எங்கள் மாடிப்படி பதினாறையும் ஏற அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அவர் கம்பத்தில் ஏறினார் என்று சொன்னால் எங்கள் பிரிவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் தமது வாக்குமூலத்தில் இருந்த ஏழு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்று நிலைய எழுத்தர் என்னிடம் வருத்தப்பட்டார். எழுத்துப்பிழை ஏழையும் திருத்தியவர் விஷயப் பிழையைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் வேண்டுமென்றே விட்ட பிழை அது ஒன்றுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லும்படி உதவி ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். சுருக்கமாகச் சொன்னால் நான் ஒரு பெட்டியை அணைத்தேன் என்பதோடு முடிந்துவிடும் என்பதால், முதலிலிருந்து சொல்ல அனுமதி கேட்டேன். அனுமதித்தார்கள்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், எங்கள் பிரிவு அலுவலகப் புகார்ப் புத்தகத்தில் ‘கம்பத்தில் இரைச்சல்’ என்று ஒரு புகார் பதிவாகியிருந்தது. மின்சாரம் போய்விட்டது என்று புகார் வரும், கம்பி அறுந்துவிட்டது என்று வரும். இரைச்சல் என்று அதுவரை யாரும் எழுதியதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் சிரித்துவிட்டு, புதியவன் என்பதால் என்னை அனுப்பினார்கள். நான் போனபோது என் மைத்துனர் கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவோடும், அவர் தங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் வாசலில் தயாராக நின்றார்கள். தினமும் காலை ஆறரை மணிக்குத் தாம் ஒரு நண்பருடன் ரேடியோவில் தொடர்பு கொள்வதாகவும், மூன்று வாரங்களாக எங்கள் வாரியத்தின் கம்பியில் எங்கோ பொறி பறந்து, அந்தக் கரகரப்பில் நண்பரின் தட்டல் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். எந்தக் கம்பம் என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்றார்.

அதன் பிறகு மூன்று நாட்கள் நாங்கள் மூவரும் தெருத்தெருவாக நடந்தோம். முறை என்னவென்றால், நான் ஒரு மரச் சுத்தியால் கம்பத்தை அடிக்க வேண்டும், அவர் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும், அடி விழும் நேரம் கரகரப்பு ஒரு கணம் நின்று திரும்ப வந்தால் அதுதான் கம்பம். அவர் தங்கை நோட்டில் கம்ப எண்ணும் இரைச்சலின் அளவும் குறித்துக்கொண்டே வருவார். இரைச்சலுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மார்க். தெருவில் இருந்தவர்கள் கம்பத்துக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் மதியம் பதினான்காவது கம்பத்தில், ரொட்டிக் கடை முனையில், ரேடியோவில் கரகரப்பு ஒரு கணம் நின்றது. ஏறிப் பார்த்தேன். பீங்கானைப் பிடித்திருந்த மரை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று முறுக்கினேன். கீழேயிருந்து என் மைத்துனர் கையை உயர்த்திக் கத்தினார்.

“போயிடுச்சு!”

இந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ‘போயிடுச்சு’ என்றால் திட்டு. யார் வீட்டிலாவது கரண்ட் போயிடுச்சு என்றால்தான் எங்களைத் தேடுவார்கள். ‘வந்துடுச்சு’ என்றால் ஊரே கைதட்டும். என் சர்வீஸில், போயிடுச்சு என்று சந்தோஷமாகக் கத்திக் கேட்டது அந்த ஒரு முறைதான். கம்பத்தின் மேல் நின்றபடி கீழே பார்த்தேன். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். பக்கத்தில் அவர் தங்கை நோட்டில் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எட்டு மாதத்தில் பதினோரு இரைச்சல் புகார் வந்தது. அதில் நான்கு மட்டுமே நிஜம். மிச்சம் ஏழும் நானும் அவர் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு எழுதியவை. ஒன்பதாவது மாதம் எங்களுக்குத் திருமணம் ஆனது. அந்த ஏழு பொய்ப் புகார்களுக்கும் சேர்த்து இன்று என் மீது நடவடிக்கை எடுப்பதானாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

என் மைத்துனரின் நண்பர் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். நாங்கள் வானிலைக்காரர் என்றே சொல்லுவோம். இருவரும் இருபத்தேழு வருடமாக நண்பர்கள். ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. பேசியதும் குறைவு, மோர்ஸ் தந்தி பாஷையில் புள்ளியும் கோடுமாகத் தட்டுவார்கள். காலை ஆறரைக்கு அவர் தம் ஊர் வானிலையைச் சொல்லுவார், என் மைத்துனர் இங்கே என்ன என்று சொல்லுவார், யாராவது ஒரு ஜோக் அடிப்பார்கள், விடைபெறுவார்கள். வானிலைக்காரர் ஓய்வு பெற்றபிறகும் அறிக்கை நிற்கவில்லை. என் மனைவி தட்டலைக் காதால் கேட்டே அந்த நோட்டில் எழுதுவாள். நான் இருபத்து மூன்று வருடம் அதே வீட்டில் இருந்தும் அந்த பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். நாலு புள்ளியும் ஒரு சின்ன இடைவெளிவிட்டு இரண்டு புள்ளியும் தட்டினால் அது சிரிப்பு. எல்லாம் பேசி முடித்தபின் வெறும் இரண்டு புள்ளி தட்டினால் அது கதவைச் சாத்திக்கொண்டு போவது. ஒருவர் இரண்டு புள்ளி தட்டினால் மற்றவரும் இரண்டு தட்டுவார். உடனே முதலாமவர் மறுபடி தட்டுவார். கடைசி இரண்டு புள்ளி யாருடையது என்பதில் அவர்களுக்குள் இருபத்தேழு வருடச் சண்டை. பெரும்பாலும் ஜெயித்தது என் மைத்துனர். பல நாள் அதனாலேயே அவருக்குக் காலை உணவு ஆறிப்போயிருக்கிறது.

பதினான்கு மாதங்களுக்கு முன் மின்கம்பி வழியாகவே இணையம் கொடுக்கும் திட்டம் எங்கள் பகுதிக்கு வந்தது. ஒரு தனியார் நிறுவனம் வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கிலேயே இணையம் வரும், தனியாகக் கேபிள் இழுக்க வேண்டாம். அதற்கு மின்மாற்றிக் கம்பத்தில் ஒரு தாய்ப்பெட்டி வைக்க வேண்டும். எங்கள் தெருக்கோடிக் கம்பத்தில் அதைத் தூக்கி மாட்டியது நான்தான். மாட்டிவிட்டு இறங்கியபோது தெருவில் பலபேர் கூடி நின்று, வந்துடுச்சு வந்துடுச்சு என்றார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அன்று மாலை என் மகள் முகத்தைத் திரையில் பார்த்து அவள் அம்மா அரை மணி நேரம் பேசினாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெட்டியால் எங்கள் வீட்டுக்கும் நல்லது நடந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு மாடியிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். ரேடியோவில் அடைமழை தகரத்தில் விழுவதுபோல ஒரே இரைச்சல். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முள்ளைத் திருப்பினாலும் அதே மழை. கம்பி வழியாக இணையம் ஓடும்போது அந்தக் கம்பியே ஏரியல் மாதிரி வேலை செய்து, ஓடுவதையெல்லாம் காற்றில் கொட்டுகிறது என்று என் மைத்துனர் சொன்னார். கீழே எங்கள் வீட்டு இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தேன், குறையவில்லை. தெரு முழுக்க அதே கம்பி. என் மனைவி நோட்டில் இரைச்சல் என்ற கட்டத்தில் ஒன்பது போட்டாள். அன்றிலிருந்து பதினான்கு மாதமும் அந்தக் கட்டத்தில் ஒன்பதுதான். அந்த நோட்டை நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

என் மைத்துனர் நிறுவனத்துக்குப் பத்தொன்பது கடிதம் எழுதினார். ஒரு முறை அவர்கள் பதில் போட்டார்கள். அதில் இருந்த பிழைகளைத் திருத்தி அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு பதில் வரவில்லை. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

“முன்னெல்லாம் இரைச்சல் பழுது, மாப்ள. இப்ப அதுதான் சரக்கு.”

கம்பத்தில் ஏறி இரைச்சலை நிறுத்தித்தான் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனேன். அதே கையால் இரைச்சலை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

போன சனிக்கிழமை வானிலைக்காரரின் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருக்குச் சென்ற வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அதனால் தொலைபேசி உதவாது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதுவதை வாசித்துக் காட்ட ஒரு முறை பேசினார்கள். வானிலை அறிக்கையை ஒரு பெண் குரலில் கேட்டதும் என் மைத்துனருக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்த என்னிடம் போனைக் கொடுத்துவிட்டார். கடிதத்தில் எழுதியிருந்தது என்னவென்றால், அப்பாவைத் தனியே விட முடியாததால் தன்னோடு அழைத்துப் போவதாகவும், தன் அடுக்குமாடி வீட்டில் ஏரியல் கட்ட இடமில்லை என்றும், வரும் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஏரியலை இறக்க ஆள் வருவதாகவும், அதுவரை அப்பா தினமும் ஆறரைக்கு வழக்கம்போல் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், மாமா கோபமாக இருக்கிறாரா என்று அப்பா கேட்கச் சொன்னார் என்று ஒரு வரி. இந்த வரியைப் படித்ததும் என் மைத்துனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுத் திரும்பப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரேடியோவையும் ஒரு பேட்டரியையும் என் இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு, என் மைத்துனரைப் பின்னால் உட்கார வைத்து, கம்பி இல்லாத இடம் தேடி நீர்த்தேக்கக் கரைக்குப் போனோம். ஏரியல் கம்பியை மரத்தில் எறிந்து கட்டுவதற்குள் காவலாளி வந்துவிட்டார். வெடிகுண்டு வைக்கிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவருக்கு விளக்கிச் சொல்லி முடித்தபோது மணி ஏழே கால். திரும்பும்போது மடங்காத காலை நீட்டியே வைத்திருந்ததில் என் மைத்துனருக்குக் கால் வீங்கிவிட்டது. அதன் பிறகு வியாழக்கிழமை வரை அவரால் படியிறங்க முடியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் உதவிப் பொறியாளரிடம் போய், வியாழக்கிழமை காலை அரை மணி நேரம் மட்டும் தாய்ப்பெட்டியை நிறுத்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குப் பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. செவ்வாயும் புதனும் காலை ஆறரைக்கு என் மைத்துனர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த மழைக்குள் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது போட்டாள். இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு நான் தெருக்கோடி மின்மாற்றிக் கம்பத்தில் ஏறி, தாய்ப்பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். மின்சாரத்தைத் தொடவில்லை. இணையம் மட்டும் நின்றது. இதைச் செய்ய யாரும் என்னைத் தூண்டவில்லை. செய்யப்போகிறேன் என்று என் மனைவிக்கும் மைத்துனருக்கும் நான் சொல்லவில்லை.

அணைத்தபின் நான் ஒரு காரியம் செய்தேன். அதனால்தான் அணைத்தது யார் என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் தொழிலில் எந்த சுவிட்சை அணைத்தாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். அதில் ‘லைனில் ஆள் இருக்கிறார், இணைக்காதே’ என்று அச்சிட்டிருக்கும். கீழே அவரவர் பணி எண். அட்டை தொங்கும்வரை முதலமைச்சரே வந்து சொன்னாலும் யாரும் அந்த சுவிட்சைத் தொடக் கூடாது, மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் அட்டை மாட்டாமல் நான் ஒரு சுவிட்சையும் விட்டதில்லை. அன்றும் கை தானாகப் பையில் போய், அட்டையை எடுத்து, கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டது. திருட்டுக்குப் போனவன் வாசலில் தன் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு வந்த மாதிரி. அந்த அட்டையை நான் தமது பையிலிருந்து திருடியதாக என் மைத்துனர் சொல்லியிருந்தால், முறுக்கைப் பாருங்கள். நான் இடக்கைக்காரன். என் முறுக்கு இடப்பக்கமாகப் போகும். எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் அப்படிப் போகாது. மேற்கண்டதில், ‘என் பையிலிருந்து அவர் திருடியதாக’ என்றிருக்க வேண்டும். வாசித்துக் காட்டியபோது தவறு தெரிந்தது. திருத்தச் சொன்னேன்.

நான் இறங்கித் தெருவில் பாதி தூரம் வந்தபோது எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து என் மைத்துனரின் குரல் கேட்டது. யாரிடமும் சொல்லாமல், தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதுதான். ஆனாலும் விடியற்காலைத் தெருவில் தெளிவாகக் கேட்டது. போயிடுச்சு என்றார்.

நான் மாடிக்குப் போனேன். மணி ஆறு இருபத்தெட்டு. ரேடியோவில் வெறும் மெல்லிய மூச்சு மாதிரிதான் இருந்தது. என் மனைவி என் பூட்ஸைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நோட்டைத் திறந்து பூஜ்யம் போட்டாள். சரியாக ஆறரைக்குத் தட்டல் வந்தது. என் மைத்துனர் தட்டும் விசையில் விரலை வைத்தார். இரண்டு முறை பிசகி மூன்றாவது முறை பதில் தட்டினார். பதினான்கு மாதமாக எங்கே போயிருந்தாய் என்று கேட்டாராம். அதற்கு வானிலைக்காரர், இங்கே பதினான்கு மாதமாக மேகமூட்டம், இன்று காலைதான் விலகியது, கோபமாக இருக்கிறாயோ என்று பயந்துவிட்டேன் என்றாராம். என் மனைவி இதை எழுதிக்கொண்டே எனக்குச் சொன்னாள். அதன் பிறகு நாலு புள்ளி, இரண்டு புள்ளி. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மைத்துனரும் திரும்பச் சிரித்தார், விசையிலும் வாயாலும்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு விடைபெற்றார்கள். இரண்டு புள்ளிச் சண்டை ஐந்து சுற்று நடந்தது. கடைசியில் என் மைத்துனர் தட்டியதற்குப் பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த முகமாக இல்லை. விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முள்ளை நகர்த்தவில்லை. அதே இடத்திலேயே ரேடியோவை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். திரும்பக் கம்பத்துக்குப் போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டு வருவதாகத்தான் என் திட்டம். என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, ஏரியலை மூணு மணிக்குத்தானே இறக்குறாங்க?”

நான் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கைபேசியைக் கீழ் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அன்று பகல் முழுவதும் நாங்கள் மூவரும் அந்த அறையில் இருந்தோம். என் மைத்துனர் ஒருமுறை ரொட்டிக் கடை முனைக் கம்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அந்த ஏழு பொய்ப் புகார்களைத் தமக்கு அப்போதே தெரியும் என்றார். ஒரே வாரத்தில் ஒரே பிழை இரண்டு முறை வந்தால் அது பிழை இல்லை என்று பிழை திருத்துபவனுக்குத் தெரியாதா என்றார். என் மனைவிக்கு நாற்பத்தேழு வயதில் வெட்கம் வந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு நல்ல பகல் பொழுது எனக்கு வாய்த்ததில்லை.

இனி சொல்லப்போவதையும் முழுதாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். காலை பத்து மணிவாக்கில் எதிர்வீட்டுத் தையல்காரரின் மகள் வாசலில் வந்து, உங்கள் வீட்டில் நெட் வருகிறதா என்று கேட்டாள். என் மனைவி இல்லை என்றாள். எதற்கு என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினோரு மணிக்கு இணையத்தில் வேலைக்கான நேர்காணல் இருந்திருக்கிறது. அது தவறிவிட்டது. கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். உறுதியாகத் தெரியாததால் அப்படி எழுத வேண்டாம் என்றேன். நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது போயிருப்பேனே மாமா.”

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு இணையம் நின்றதாக நிறுவனம் புகாரில் சொல்லியிருக்கிறது. மற்ற இருநூற்றுப் பதினோரு வீட்டுக்கும் வாரியம் என்ன சொல்கிறதோ அப்படி. இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறு தேதி கொடுக்கும்படி அந்த அலுவலகத்துக்கு, தவறு என்னுடையது என்று என் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மைத்துனர் அதில் பிழை பார்த்துக் கொடுத்தார்.

மதியம் மூன்று இருபதுக்கு, அதாவது என் மனைவி நோட்டில் குறித்திருக்கும் நேரப்படி, ரேடியோவில் இரண்டு புள்ளி கேட்டது. அழைப்பு இல்லை, பெயர் இல்லை, வானிலை இல்லை. வெறும் இரண்டு புள்ளி. யார் என்று யாரும் கேட்கவில்லை. ஏரியலை இறக்கும் கடைசி நிமிடம் வரை காத்திருந்து, காலையில் தோற்ற சண்டையை ஜெயிப்பதற்காக அந்த மனிதர் திரும்ப வந்திருக்கிறார். என் மைத்துனரின் கை விசைக்குப் போனது. தொட்டுவிட்டது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டார். இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எதுவும் கேட்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு நான் கம்பத்துக்குப் போனேன். நிறுவனத்தின் ஊழியர்கள் இரண்டு பேர் காலை ஒன்பது மணியிலிருந்து வெயிலில் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து என் கைபேசிக்கு முப்பத்தொரு முறை அழைத்திருக்கிறார்கள். ஏணி இருந்தது, சாவி இருந்தது, இரண்டே நிமிட வேலை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். அவர்களில் வயதில் இளையவர் அட்டையைக் காட்டினார்.

“ஆள் இருக்காருன்னு போட்டிருக்கே அண்ணே. எப்படித் தொடுறது?”

பெட்டியை அணைத்ததைவிட அந்த அட்டைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது உயிரைக் காப்பதற்கு இருக்கும் அட்டை. நான் ஏறி அட்டையைக் கழற்றிப் பெட்டியைப் போட்டேன். வந்துடுச்சு என்று கீழே ஒருவர் போனில் யாருக்கோ சொன்னார். வீட்டுக்கு வந்தபோது மாடியில் மழை தொடங்கியிருந்தது. என் மைத்துனர் ரேடியோவை அணைத்துத் துணி போட்டு மூடினார்.

நான் வேலையை முடித்துவிட்டு அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அஜாக்கிரதை என்று ஒரு குறிப்போடு போய்விடும், வேலை தப்பும் என்று எங்கள் உதவிப் பொறியாளர் நேற்று இரவு போனில் சொன்னார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் நான் மறக்கவில்லை. ஒன்பது மணி இருபது நிமிடமும் அது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. ஞாபகத்தோடுதான் கழற்றாமல் இருந்தேன். மறந்தேன் என்று சொன்னால் அந்தப் பகல் பொழுதையே இல்லை என்று சொன்னதாகும்.

அப்படியானால் லைனில் ஆள் இருக்கிறார் என்று பொய்யாக அட்டை மாட்டியதை ஒப்புக்கொள்கிறாயா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். கம்பத்தில் ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். லைனில் இருந்தார்.

மேலே எழுதியது அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த வேண்டிய ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னேன், மற்றதெல்லாம் நடந்ததுதான். என் மைத்துனரை இந்த வழக்கிலிருந்து விடுவித்து, எனக்கு உரியதை எனக்கே கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு, இடது கையால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)